பதின்ம வயதுப் பிள்ளையிடம் நல்ல பழக்கம் படிய பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வி பல பெற்றோர் கேட்பதுதான். பிள்ளைக்கு வயது 13-க்கும் 17-க்கும் இடையில். ராத்திரி வெகுநேரம் போன், காலையில் எழுப்ப முடியவில்லை, சாப்பாடு ஒழுங்கில்லை, உடம்பு அசைவதே இல்லை. கூடப் படிக்கிற சிலர் வேப் (மின் சிகரெட்), சிகரெட், பியர் என்று ஆரம்பித்துவிட்டார்கள். புத்தி சொன்னால் முகம் திரும்புகிறது, கண்டித்தால் மறைக்கிறார்கள். நல்லதை எப்படிப் படிய வைப்பது, கெட்டதை எப்படித் தள்ளி வைப்பது?

இந்த வயதில் ஒரு பழக்கம் படிவது எங்கே, எப்போது, யாரோடு என்ற மூன்றைப் பொறுத்தது. புத்திமதிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆனால் பெற்றோரின் சக்தியில் பெரும்பகுதி பேச்சிலேயே கரைந்துவிடுகிறது. அதில் பாதியை வீட்டு ஏற்பாடுகளை மாற்றுவதிலும், பிள்ளை தானாக வாய் திறந்து பேசும் நிலையைக் காப்பதிலும் செலவழித்துப் பாருங்கள்.

பருவமடையும்போது மூளையில் பரபரப்பையும் பரிசையும் தேடும் பகுதி முன்னதாகவே வேகம் பிடித்துவிடுகிறது. பின்விளைவை எண்ணிக் கையை இழுத்துக்கொள்ளச் செய்யும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 20-களின் நடுப்பகுதி ஆகிவிடும். பிள்ளைக்கு ஆபத்து தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. தனியாக, அமைதியாக உட்கார வைத்துக் கேட்டால் 16 வயதுப் பிள்ளை கிட்டத்தட்டப் பெரியவர் அளவுக்கே சரியாகப் பதில் சொல்லும். நாலு பேர் பார்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 13–16 வயதினர், 18–22 வயதினர், 24-க்கு மேற்பட்டவர்கள் என மூன்று குழுவினர் கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடினார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது இளையவர்கள் துணிந்து எடுத்த ஆபத்து கூடியது. பெரியவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. ஆகவே "இதுகூடவா உனக்குத் தெரியாது?" என்று கேட்பது வீண். தெரியும். அந்த நிமிடத்தில் எப்படி நழுவுவது என்ற பயிற்சிதான் இல்லை.

எதிலிருந்து தொடங்குவது என்றால், என் பதில் எப்போதும் தூக்கம்தான். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு இனிப்பில் ஆசை கூடும், கோபம் மூக்குநுனியில் நிற்கும், விளையாடத் தெம்பு இருக்காது, யோசிக்காமல் எதையும் செய்யத் தோன்றும். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. இடைஞ்சல் என்னவென்றால், பருவமடைந்த பிறகு, தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் உண்மை. அதைச் சோம்பலாகவோ திமிராகவோ எடுத்துக்கொண்டால் முதல் படியிலேயே சண்டை வரும்.

செய்ய வேண்டியது இப்படி. வீட்டில் எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜ் இடம், படுக்கும் அறைக்கு வெளியே. அப்பா அம்மா போனும் அங்கேதான். இந்த ஒன்றை விட்டால் விதி நிற்காது. "எனக்கு அலாரம் வேணும்" என்ற காரணம் முதல் நாளே வரும், அதனால் தனியாக ஒரு அலாரம் கடிகாரத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் முன்னால் இழுக்காமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாக நகர்த்துங்கள். எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். உடலின் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம்தான். விடுமுறை நாளில் எழுவது வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போனால், வாரம் முழுக்கச் செய்த வேலை இரண்டு நாளில் கலைந்துவிடும். காபி, கோலா, எனர்ஜி டிரிங்க் மதியத்துக்கு மேல் வேண்டாம். இவற்றில் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். எனர்ஜி டிரிங்க் இந்த வயதுக்கு எந்த நேரத்திலும் தேவையில்லை.

இதில் வழக்கமாகப் பிசகும் இடங்கள் மூன்று. வீட்டுப்பாடம் போனில் வருகிறது என்றால், அதை முடிக்கும் நேரம் சார்ஜ் நேரத்துக்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் தினமும் விலக்கு கேட்கப்படும். ஆன்லைன் விளையாட்டில் நடுவில் எழுந்தால் அணியே தோற்கும், அதனால் "மணி ஆச்சு, அணை" என்பதைவிட "இதுதான் கடைசி ஆட்டம்" என்ற விதி நிற்கும். அந்தக் கடைசி ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, போனைத் தண்டனையாகப் பிடுங்கி வைப்பது. அப்படிச் செய்தால் தூக்க ஏற்பாடு முழுவதுமே தண்டனையாகத் தெரியத் தொடங்கிவிடும். 9 மணி நேரம் தூங்கியும் பகலில் சொக்கி விழுந்தால், அல்லது பலமாகக் குறட்டை விட்டால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

போனிலேயே பகல் நேரம் கரைவதற்கு, நோட்டிஃபிகேஷனையும் வீடியோ தானாக ஓடும் வசதியையும் அணைத்து வைப்பது நேரக் கட்டுப்பாட்டைவிட அதிகம் உதவும். அதைப் பிள்ளையே தன் கையால் செய்யட்டும்.

அடுத்து, ஒரு பழக்கம் எத்தனை நாளில் படியும் என்பது. 21 நாள் என்று பரவலாகச் சொல்கிறார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. பங்கேற்றவர்கள் பெரியவர்கள்தான், ஆனாலும் நமக்கு உபயோகமான ஒன்று அதில் இருக்கிறது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது கெடவில்லை. "பாத்தியா, விட்டுட்டே" என்று அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோர்தான் அதைக் கெடுக்கிறார்கள். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் தொடர விடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். அதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு அவசரமாகத் தெரிவது அதற்கு அவசரமாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதை முடிச்சுப் போடுங்கள்: பல் துலக்கிய உடனே 10 உட்கார்ந்தெழு, பள்ளியிலிருந்து வந்து பையை வைத்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பிறகுதான் போன். "தினமும் உடற்பயிற்சி செய்வேன்" என்பதைவிட "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரமும் இடமும் சேர்த்து முடிவு செய்பவர்கள் அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டின. அளவு சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். சோர்வான நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு. சுவரில் ஒட்டும் அட்டவணையில் ஆறு வரி எழுதினால் இரண்டாவது வாரம் ஆறும் போய்விடும்.

பணம் கொடுத்துச் செய்ய வைக்கலாமா? ஆரம்பத்தில் ஒரு தூண்டுதலாகச் சின்னப் பரிசு தவறில்லை. ஆனால் பரிசே காரணமாகிவிட்டால் அது நின்ற அன்று செயலும் நிற்கும். அதைவிட, கண்ணில் பட்டதை அப்படியே சொல்வது மேல்: "இந்த வாரம் நாலு நாள் நீயே எழுந்துட்டே, நான் கூப்பிடவே இல்ல." அதற்குப் பின்னால் "இதையே முன்னாடி செஞ்சிருந்தா" என்று ஒட்டாதீர்கள். பாராட்டு அங்கேயே செத்துவிடும்.

உடலசைவுக்கு உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்குச் சொல்லும் அளவு, நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம் ஆட்டம், வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் வேலை. 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டாம், நடையும் சைக்கிளும் மாடிப்படியுமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தோழமை கிடைக்கிற விளையாட்டுதான் நிலைக்கும், தனியாக வீட்டுக்குள் செய்வது சீக்கிரம் விட்டுப்போகும். பெண் பிள்ளைகள் பலர் பருவமடைந்ததும் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள். காரணத்தைக் கேட்டால் ஆர்வமின்மை என்பார்கள். உள்ளே பார்த்தால் மாதவிடாய் நாள் பயம், பொருந்தாத உள்ளாடை, யாரோ உற்றுப் பார்க்கும் சங்கடம். மூன்றுக்கும் வழி உண்டு. சரியான உள்ளாடையும் அடர்நிற உடையும் வாங்கித் தருவதும், பார்வையாளர் இல்லாத நேரத்தைப் பார்த்துக் கொடுப்பதும் அம்மாவோ அக்காவோ செய்ய முடிகிற காரியம். எடைப் பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்ற பயம் தேவையற்றது. தெரிந்தவர் மேற்பார்வையில், குறைந்த எடையோடு முறையைக் கற்றுத் தொடங்கினால் ஆபத்தில்லை. கட்டுடல் ஆசையில் பவுடர், மாத்திரை, ஊசி என்று பையன்கள் பேச ஆரம்பித்தால் கேலி செய்யாமல் உட்கார்ந்து கேளுங்கள், ஸ்டீராய்டு அங்கேதான் நுழைகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள்: பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசாதீர்கள். குண்டு, ஒல்லி, "இன்னும் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்", எதுவும் வேண்டாம். உங்கள் எடையைப் பற்றிப் புலம்பவும் வேண்டாம். எடைப் பேச்சும் டயட் பேச்சும் உள்ள வீடுகளில் உணவுக் கோளாறும் எடை கூடுவதும் இரண்டுமே அதிகம். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் இரண்டையும் தவிர்க்கச் சொல்லி, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கூட்டச் சொன்னது. ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து, போன் இல்லாமல். நல்லது கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் கைக்கெட்டும் உயரத்திலும் இருக்கட்டும், இனிப்புப் பானம் வீட்டில் இருப்பாக இருக்க வேண்டாம். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு ஒன்பது டீஸ்பூன். இந்த வயதில் கால்சியம் நாளுக்கு 1,300 மில்லிகிராம் வரை தேவை, எலும்பின் வலுவில் பெரும்பங்கு 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. 14–18 வயதுப் பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்து 15 மில்லிகிராம் வேண்டும், பையனுக்கு 11. மாதவிடாய் தொடங்கிய பெண் எப்போதும் களைப்பு, மூச்சிரைப்பு என்றால் சோம்பல் என்று முடிவு கட்டுமுன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

"உடம்புக்கு நல்லது" என்ற வாதம் இந்த வயதில் ஏன் ஒட்டுவதில்லை, எது ஒட்டும் என்பதற்கு அழகான ஒரு ஆய்வு உண்டு. கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யேகர் குழுவினர் 2016-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் செய்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆரோக்கியப் பாடம். இன்னொரு பகுதியினருக்கு, தின்பண்ட நிறுவனங்கள் விடாமல் தின்னத் தோன்றும்படி எப்படித் தயாரிக்கின்றன, சிறுவர்களை எப்படிக் குறிவைக்கின்றன என்ற விவரம். மறுநாள் தின்பண்டம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது இரண்டாவது பகுதியினர் நல்லதை அதிகம் எடுத்தார்கள். யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பது இந்த வயதின் தன்மானத்தைத் தொடுகிறது. ஆரோக்கியத்துக்கு அந்த வலு இல்லை.

புகையிலைக்கும் வேப்புக்கும் இதே வழிதான். தினமும் புகைக்கும் பெரியவர்களில் 10-க்கு கிட்டத்தட்ட 9 பேர் முதல் சிகரெட்டை 18 வயதுக்குள் பிடித்தவர்கள் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012 அறிக்கை சொல்கிறது. இந்த வயதில் பிடித்தால்தான் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர். அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வேப்பில் வரும் நிகோடின் உப்பு தொண்டையை உறுத்தாது. அதனால் இருமல் வராமலே அதிக அளவு உள்ளே போகும். சில வகைக் குப்பியில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு நிகோடின் இருக்கிறது. பழ வாசனை யாருக்காக என்று கேட்டு, பதிலைப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்கள். பயமுறுத்தும் படங்களும் "செத்துப் போவே" என்ற பேச்சும் வேலை செய்வதில்லை. கைதிகளைக் காட்டி இளைஞரை மிரட்டித் திருத்தும் அமெரிக்கத் திட்டங்களைப் பரிசோதித்தபோது குற்றம் குறையவில்லை, கூடியிருந்தது.

மறுக்கும் பயிற்சியை வீட்டில் வாய்விட்டுச் செய்ய வேண்டும். கூட்டத்தில் பதில் சொல்ல இரண்டு மூன்று வினாடிதான் கிடைக்கும், நீண்ட விளக்கம் அங்கே வாதத்தைத்தான் வளர்க்கும். "வேணாம்டா", "எனக்கு ஒத்துக்காது", "நாளைக்கு மேட்ச் இருக்கு" என்று சிறியதாக, சொல்லிக்கொண்டே வேறு பேச்சுக்கோ வேறு இடத்துக்கோ நகர்வது. பழியை உங்கள்மேல் போட அனுமதி கொடுங்கள்: "எங்கம்மா வாசனை பிடிச்சுடுவாங்க, வீட்ல விடமாட்டாங்க." நண்பர் வேடத்தில் நீங்களோ அண்ணனோ அக்காவோ இருந்து நாலைந்து முறை ஒத்திகை பாருங்கள். முதல் முறை சிரிப்பாக முடியும், பரவாயில்லை.

பிள்ளை சிகரெட்டையோ வேப்பையோ ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால், தேதி குறித்து நிறுத்துவது நல்லது. எரிச்சல், கவனமின்மை, தூக்கக் கேடு முதல் நாளே தொடங்கி, இரண்டு மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு முறை வரும் வேட்கையும் சில நிமிடம்தான். அந்த நிமிடங்களைத் தண்ணீர் குடித்து, மூச்சை இழுத்து விட்டு, இடம் மாறிக் கடக்க வேண்டும். பரீட்சை வாரத்தில் தேதி வைக்காதீர்கள். முதல் மூன்று நாள் பிள்ளை கத்தினால் பதிலுக்குக் கத்தாமல் இருப்பது உங்கள் பங்கு. இரண்டு முறை முயன்றும் முடியவில்லை என்றால் மருத்துவர் உதவி தேவை, அதில் வெட்கம் எதற்கு?

மதுவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை: வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே அளவோடு இருப்பார்கள் என்பது. தொடர் ஆய்வுகள் எதிர்மாறாகக் காட்டுகின்றன. பெற்றோரே கொடுத்த பிள்ளைகள் பின்னால் அதிகமாகத்தான் குடிக்கிறார்கள். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாக இருந்தார்கள், 20-க்குப் பிறகு தொடங்கியவர்களில் 10 சதவீதம். இளமையில் தொடங்கியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் லாபம்தான். எனவே விதி தெளிவாக இருக்கட்டும்: கூடாது. அதோடு இன்னொரு விதியும் வேண்டும். எந்த நேரமானாலும், எந்த நிலையில் இருந்தாலும் ஒரு குறிப்புச் சொல்லை மெசேஜ் அனுப்பினால் வந்து கூட்டிப்போவோம், அன்றிரவு கேள்வி கிடையாது, பேச்சு மறுநாள். குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறாமல் பிள்ளை வீடு வந்து சேர இது ஒன்றுதான் வழி. மறுநாள் பேச்சு கட்டாயம் நடக்க வேண்டும். கூட்டாளி யாராவது குடித்து எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் தூங்கவிட்டுப் போகக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுங்கள்.

விதியை மீறினால் விளைவு சிறியதாக, முன்கூட்டியே தெரிந்ததாக, அந்தத் தவறோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். "ஒரு மாசம் போன் கிடையாது" என்று கோபத்தில் சொன்னதை நீங்களே நாலாம் நாள் தளர்த்துவீர்கள். அதுவும் பிள்ளைக்குத் தெரியும்.

பையைச் சோதிப்பது, போனை ரகசியமாகப் பார்ப்பது பற்றி. ஸ்வீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு பலர் நினைப்பைப் புரட்டிப் போட்டது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி வேவு பார்த்தோ குறுக்கு விசாரணை செய்தோ வந்ததல்ல, பிள்ளை தானாகச் சொன்னதால் வந்தது. அந்தத் தானாகச் சொல்வதைத்தான் காக்க வேண்டும். "இன்னைக்கு எங்க கூட்டத்துல ஒருத்தன் வேப் எடுத்துட்டு வந்தான்" என்று பிள்ளை சொன்னால் முதல் பதில் "அப்புறம்?" என்றுதான் இருக்க வேண்டும். "அவனோட சேராதே" என்று ஆரம்பித்தால் அடுத்த செய்தி உங்களுக்கு வராது. நேருக்கு நேர் உட்கார வைத்துப் பேசுவதைவிட, நடக்கும்போது, வண்டியில் போகும்போது, சமைக்கும்போது பேச்சு தானாக வரும்.

ஒரு வீடு மட்டும் விதி வைத்தால் பிள்ளைக்கு அது அநியாயமாகத் தெரியும். ஐஸ்லாந்தில் பெற்றோர் சேர்ந்து நேரக் கட்டுப்பாடு பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், மாலை நேரத்தில் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையாகும்வரை குடித்த 15–16 வயதினர் 1998-இல் 42 சதவீதம், 2016-இல் 5 சதவீதம். நாடு முழுக்க வேண்டாம், பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் மூன்று நாலு பேரின் பெற்றோரோடு பேசி, வீடு திரும்பும் நேரத்தையும் போன் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழக்கப் பிரச்சினை என்று நினைத்துக் கடந்துபோகக் கூடாதவை. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் தலைகீழாக மாறுவது, பிடித்த எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குவது, எடை வேகமாகக் குறைவது, சாப்பிட்டதும் கழிவறைக்குள் போய்த் தாழ்போடுவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் கையை மறைப்பது, "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்ற பேச்சு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "செத்துப் போகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மறைத்து வைத்திருக்கும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாமல், மாத்திரை, பூச்சிமருந்து, கூரான பொருள்களைக் கைக்கெட்டாமல் வைத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.